பம்பும் மோட்டாரும் ஒத்துப்போன நாள்

ஒரு பழைய டிராக்டர் மேடு ஏற முடியாமல் பாதியில் நின்றுவிட்டது. இன்ஜின் நன்றாகத்தான் உறுமியது, சக்கரம்தான் நகரவில்லை.

"நான் எண்ணெயைத் தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன். நீதான் சுத்த மாட்டேங்கிறே," என்றது பம்ப்.

அந்த எண்ணெயின் விசையில் சக்கரத்தைச் சுழற்றும் மோட்டாருக்குக் கோபம் வந்தது. "எண்ணெய் வந்தால்தானே சுத்துறதுக்கு! நீ தேஞ்சு போயிட்டே."

இரண்டுக்கும் எண்ணெயை வடிகட்டித் தரும் ஃபில்டர் ஏதோ சொல்லப் பார்த்தது. அவை இரண்டும் உதிர்த்த இரும்புத்தூள் வாய் நிறைய இருந்ததால் பேச்சு வரவில்லை.

மெக்கானிக் தாவூத் வந்தார்.

"பம்பை மாத்திடலாமா?" என்று கேட்டார் டிராக்டர்காரர் செங்கோடன். பம்ப் நடுங்கிப் போனது.

"அவசரப்படாதீங்கண்ணே. முதல்ல இதைப் பார்ப்போம்," என்று தாவூத் ஃபில்டரைக் கழற்றினார். கசடு அப்பிக் கிடந்தது. அதை ஓரமாக எறிந்துவிட்டு, புதியதை மாட்டி, எண்ணெயையும் மாற்றினார்.

டிராக்டர் முக்காமல் முனகாமல் மேடேறியது.

"பார்த்தியா? கோளாறு பூரா அவன்கிட்டதான் இருந்திருக்கு," என்றது பம்ப்.

"நானும் அப்பவே நினைச்சேன்," என்றது மோட்டார்.

அதற்குப் பதில் சொல்லப் புது ஃபில்டர் வாயைத் திறந்தது. முதல் இரும்புத்தூள் உள்ளே வந்து விழுந்தது.