விமானத்துப் பேய்

பையின் பட்டை அறுந்துவிட்டது என்று சொல்லி கிதாக்கே கூட்டத்தை நிறுத்தினாள். அறுத்தவளே அவள்தான்.

நெற்றியில் மாட்டியிருந்த நூல்பை சேற்றில் விழுந்து, உள்ளேயிருந்த வள்ளிக்கிழங்குகள் சரிவில் உருண்டன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி, துடைத்து, புருஷன் வீட்டுக்கு அனுப்பும் சீர்போலப் பார்த்துப் பார்த்து அடுக்கினாள்.

முன்னால் கொடிகளை வெட்டி வழி செய்துகொண்டிருந்த சிவோங் திரும்பிப் பார்த்தார். ஊர்த் தலைவர், அவளுடைய உடன்பிறந்த அண்ணன். ஒரு பாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார். சுமை தூக்கி வந்த அவள் மருமகன் மனாவ் வேர்மேல் உட்கார்ந்துவிட்டான். ரஸ்ஸலுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

அவன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவன். ஜப்பான்காரனோடு நடந்த பழைய சண்டையில் நியூகினிக் காடுகளில் விழுந்த விமானங்களைத் தேடிப் போய், படமெடுத்து, வாலிலுள்ள எண்ணைக் குறித்துக்கொள்வது அவன் வேலை. நேற்றுவரை ஆற்றங்கரை விமானம் என்றுதான் பேச்சு. காலையில் ஆறு கரை புரண்டது. அப்படியானால் மேட்டு விமானத்தைப் பார்த்துவிடலாம் என்றான். மேட்டின் அடியில் ஓடும் ஓடைவரை வழி காட்டச் சிவோங்கும் ஒப்புக்கொண்டார்.

அதைக் கேட்டதும் கிதாக்கே கைவேலையை அப்படியே போட்டாள். யாரும் கூப்பிடாமலே ஒரு சுமையைத் தூக்கிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டாள்.

மேட்டு விமானத்துக்குள் அவளுடைய மகள் டமாரிஸ் இருந்தாள். விடியுமுன்பே இடுப்புவலி கண்டு, சித்தியின் தோளைப் பிடித்தபடி ஏறிப் போனவள். தலைப்பிரசவம்.

பிள்ளை பெறுகிறவள் ஆண்களின் கண்ணில் படாமல் காட்டுக்குள் போய்விட வேண்டும் என்பது ஊர் வழக்கம். காட்டில் வருடம் முழுக்க மழை. ஒழுகாத கூரை என்றால் அந்த விமானத்தின் வயிறு ஒன்றுதான். செத்த விமானியின் எலும்புகளைப் பட்டாளத்துக்காரர்கள் என்றைக்கோ மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பேயைமட்டும் பெண்கள் விடவில்லை. அவன் உள்ளே கிடந்து முனகுகிறான், கிட்டப் போனவன் திரும்பமாட்டான் என்று தாய் மகளுக்கும் மாமியார் மருமகளுக்கும் சொல்லிக்கொடுத்து வளர்த்த பொய் அது. ஆண்பிள்ளை எவனும் ஓடையைத் தாண்டியதில்லை. மலைமாதிரி இருக்கிற சிவோங்கே அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார் என்று களை பிடுங்கும்போது பெண்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பேறு நடக்கிற இடத்தை ஆண் மிதித்துவிட்டால் அந்தப் பிள்ளையைத் தகப்பன் வீட்டார் கைநீட்டி வாங்கமாட்டார்கள். தகப்பனோ இதோ, வேர்மேல் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

பட்டையை முடிந்தாயிற்று. அடுத்த சாக்கு யோசிப்பதற்குள் ஓடை வந்துவிட்டது. எதிர்ச் சரிவில், பாசி பிடித்த வால் தெரிந்தது.

சிவோங் நின்றுவிட்டார். இதற்குமேல் வருவதற்கில்லை, அங்கே பேய் இருக்கிறது என்றார். ரஸ்ஸல் சிரித்தான். பேய் தன்னை ஒன்றும் செய்யாது, தனியாகவே போய் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று தண்ணீரில் இறங்கினான்.

கிதாக்கே அவன் சட்டையைப் பிடித்தாள். வழுக்கும் என்றாள், பாம்பு என்றாள், மழை வருகிறது என்றாள். அவள் குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது.

அப்போது மேலேயிருந்து முனகல் வந்தது. நீண்டு, ஏறி, பல்லைக் கடித்து நிற்கிற முனகல்.

ரஸ்ஸல் முழங்கால் தண்ணீரில் அப்படியே நின்றான். அவளுக்குத் தெரியும், இன்னும் ஒரு முக்கல்தான். கடவுளே, பிள்ளை அழாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஒரு தாய் வேண்டுகிற வேண்டுதலா இது என்று மனது சுட்டது.

பிள்ளை அழுதது.

எந்தப் பறவையும் அப்படி அழாது. மனாவ் சட்டென்று எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மரத்தில் நெற்றியை வைத்தான். அவன் தோள்கள் குலுங்கின. எல்லாம் முடிந்துபோயிற்று என்று நினைத்தாள்.

அது குழந்தையின் சத்தமல்லவா என்று ரஸ்ஸல் கேட்டான்.



"பேய்தான்," என்றார் சிவோங். "ஆறு பெருகுறப்ப இப்படித்தான் அழுவான். பத்து நாள் போனா அடங்கிருவான், அப்ப நானே கூட்டிட்டுப் போறேன். இப்பப் போயி உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, தூக்கிட்டு இறங்க என் முதுகுல தெம்பில்ல."

ரஸ்ஸல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஆமாம், பேய்தான் என்று மரத்தில் வைத்த நெற்றியை எடுக்காமலே மனாவும் சொன்னான்.   ரஸ்ஸல் கேமராவை மூடிக்கொண்டு கரையேறினான்.

அவர்கள் இரண்டு பேரையும் முன்னால் போகவிட்டு சிவோங் பின்தங்கினார். இப்போது கேட்கப்போகிறார் என்று கிதாக்கே நினைத்தாள். இத்தனை காலம் ஏய்த்ததற்கு என்ன பதில் சொல்வது?

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாக்கைத் துப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மாப்பிள்ள தவிச்சுக் கெடக்கான் தங்கச்சி. நீ ஓடிப்போயி, ஆம்பளப் பேயா பொம்பளப் பேயான்னு பாத்துட்டு வந்து சொல்லு."