பருப்பு ஏறும் திகதி

"வெள்ளிக்கிழமை மட்டும் புறக்கோட்டைப் பக்கம் தலை வச்சும் படுக்காத," என்றான் காளியப்பன். சுவர்க் காலண்டரில் அந்தத் திகதியைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருந்தான்.

"சத்தமாச் சொல்லாதீங்க. பொலீஸ்காரன் காதுல விழுந்தா குண்டு வைக்கிறவன்னு அள்ளிக்கிட்டுப் போயிருவான்," என்றாள் அவன் மனைவி இராமலெட்சுமி.

குண்டுமில்லை, ஒன்றுமில்லை. அவன் பருப்புத் தரகன். கொழும்பு, கொட்டாஞ்சேனை வாடகை அறைக்குள் உட்கார்ந்து, பல வருட விலைகளைக் கோடாக வரைந்து பார்த்ததில் ஒரு சுற்றுப் பிடிபட்டது. விலை ஏறும், இறங்கும், திரும்ப அதே கணக்கில் ஏறும். ஏறும் நாளை அவன் முன்கூட்டியே சொல்லிவிடுவான். அவன் நாள் சொன்னால் புறக்கோட்டை வியாபாரிகள் சரக்கை வெளியே விடமாட்டார்கள்.

ஆனால் இப்போதெல்லாம் அதே நாட்களில் ஏதாவது விபரீதமும் நடந்தது. ஒருமுறை அவன் சொன்ன நாளில் குண்டுப் புரளி கிளம்பி, லொறிகள் எல்லாம் நகருக்குள் வராமல் பேலியகொடையோடு நின்றுபோயின. போன முறை ஒரு சரக்கு ஸ்டோரே எரிந்தது. மூட்டை தூக்கும் சுடலைமுத்து உள்ளேயே கருகிப்போனான். பாழாய்ப்போன இந்த வித்தையே வேண்டாம் என்றிருந்தது காளியப்பனுக்கு.

அன்று மாலை பருப்பு வியாபாரி கிளறன்ஸ் முதலாளி வந்தார். நகருக்கு வெளியே ஹெந்தளையிலிருக்கும் தன் ஸ்டோரைப் பருப்பால் கூரை முட்ட நிரப்பிய பிறகுதான் அவர் எப்போதும் வருவார்.

"எத்தனையாந் திகதி, காளி?"

எவ்வளவு ஏறும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

சிவப்பு வட்டமிட்ட வெள்ளிக்கிழமையைக் காளியப்பன் சொல்லவில்லை. ஒரு தடவை பொய்த்துப்போனால் இந்த மனிதர் தன்னை விட்டுத் தொலைவார்.

"வர்ற செவ்வாய்க்கிழமைங்க, முதலாளி."

"ஷுவர்தானே?"

"சத்தியமாங்க."

அந்த வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் இருக்க, செவ்வாய்க்கிழமை காலை இராமலெட்சுமி வழக்கம்போல் மீரா சாஹிப் ஸ்டோருக்குப் பருப்புப் புடைக்கப் புறப்பட்டாள். "சுத்துல இன்னைக்கு ஒன்னுமே இல்ல. தாராளமாப் போயிட்டு வா புள்ள," என்று அவனே வழியனுப்பினான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான் தேத்தண்ணி நிம்மதியாகத் தொண்டைக்குள் இறங்கியது.

மதியத்துக்கு முன்பே புறக்கோட்டைப் பக்கம் கரும்புகை எழுந்தது. தேத்தண்ணிக்கடை நிலாம் தெருவுக்கு ஓடிவந்து கத்தினார்.

"மீரா சாஹிப் ஸ்டோர் பத்தி எரியுதாம்! உள்ளுக்கு ஆக்கள் மாட்டிக்கிட்டாங்களாம்!"

செருப்புக்கூடப் போடாமல் ஓடிய காளியப்பனைத் தெருமுனையில் கிளறன்ஸின் கார் மறித்தது.

"பருப்பு ஏறிட்டுது, காளி. நீங்க சொன்ன மாதிரியே," என்று சிரித்தார் அவர்.

"ஐயோ, நான் சொன்னது பொய்ங்க முதலாளி! சுத்துல செவ்வாய்க்கிழமையே கெடையாதுங்க!" காளியப்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "வழிய விடுங்க, என் பொஞ்சாதி அங்கதாங்க இருக்கா!"

அது அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. கார்க் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கி, குரலைத் தாழ்த்தினார்.

"பொய்யெண்டா என்ன, காளி? திகதிய நீங்க சொல்லுங்க, மிச்சத்த நாங்க பார்த்துக்கொள்ளுறம்."