இரண்டு டிகிரி பிசகு

“சார், நிருபா ஏமாத்துறா!”

புக்கிட் மெலாவத்திக் குன்றின் உச்சியில், எங்கள் பள்ளி வானியல் கழகத்தின் அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின.

போட்டி இதுதான். பாகைமானியில் ஸ்ட்ராவை ஒட்டி, நூலில் ஒரு இரும்பு நட்டைத் தொங்கவிட்டு, ஸ்ட்ரா வழியாக நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். அது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தால், கோலசிலாங்கூர் பூமத்திய ரேகைக்கு எத்தனை டிகிரி வடக்கே என்று கணக்குப் போட்டுவிடலாம். ஜெயிக்கிற ஒருவருக்கு மட்டும் லங்காவித் தீவில் வானியல் முகாம்.

ஒருவருக்கு என்றால் யாருக்கு?

“நிருபாவைப் பாருங்க! பார்த்துக் கத்துக்குங்க!” இது கழகத்தை நடத்தும் சிவநாதன் சார் எப்போதும் சொல்லும் மூக்குக் குரல்.

“ஆமா சார், அப்பவே முடிச்சிட்டேன் சார்!” இது அவளுடைய தேன் குரல்.

இரண்டையும் அப்படியே பேசிக் காட்டுவேன். பஸ்ஸே சிரிக்கும். ஆனால் என்னைப் பார்த்துக் கத்துக்குங்கன்னு சார் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

இன்று நிருபாவின் தாளில் 3.3 டிகிரி. சரியான விடை. என் தாளிலும் 3.3தான்.

“ஏமாத்தினான்னு எப்படிச் சொல்றே, ஷாமளா?”

“ஃபோன்ல பார்த்து எழுதியிருப்பா சார். அவ கருவியில அந்த விடை வரவே வராது லா!”

வராது. எனக்கு நிச்சயமாகத் தெரியும். சாயங்காலம் அவள் டாய்லெட் போன நேரத்தில் அந்த ஸ்ட்ராவைப் பிய்த்து, லேசாகச் சாய்த்து ஒட்டியதே நான்தான்.

நிருபா பதறவில்லை.

“அவ சொல்றது சரிதான் சார், கருவி கோணல். வடக்கே சப்தரிஷியைப் பார்த்துக் கணக்குப் போட்டா 5.3 வந்துச்சு. தெற்கே தென்சிலுவை நட்சத்திரத்தைப் பார்த்துப் போட்டா 1.3. அதே பிசகு ஒரு பக்கம் கூட்டுது, மறுபக்கம் குறைக்குது. ரெண்டுக்கும் நடுவுல எடுத்தேன். பிசகு கழிஞ்சு போச்சு.”

சாரின் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

“அதெப்படிக் கோணலாச்சு? யாராவது கை வெச்சாங்களா? யாருன்னு சொல்லும்மா. இனிமே அவங்க கழகத்துப் பக்கமே வரக்கூடாது!”

நிருபா என்னைப் பார்த்தாள். அவள் விரல் நுனியில் பச்சை மினுக்கு டேப் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கழகத்திலேயே அந்த டேப் என்னிடம் மட்டும்தான் உண்டு.

டேப் இருந்த என் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினேன்.

அவள் கையை மூடிக்கொண்டாள்.

“குரங்கு சார். பையைப் பிடிச்சு இழுத்துச்சு.”

மெலாவத்திக் குரங்குகள் மூக்குக்கண்ணாடியையே பிடுங்கிக்கொண்டு ஓடும். சார் நம்பிவிட்டார்.

“சரி, ரெண்டு பேருக்கு 3.3. ஷாமளா, உன் தாள்ல கணக்கே காணோமே? நீ எந்த நட்சத்திரம்மா பார்த்தே?”

சார் குரல், நிருபா குரல், டிவி செய்தி வாசிக்கிற அக்கா குரல் எல்லாம் என் தொண்டையில்தான் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட வரவில்லை. என் குரல்தான் வந்தது.

“நட்சத்திரம் பார்க்கல சார். ஃபோனைப் பார்த்தேன். அந்தக் குரங்கும் நான்தான்.”