மயிலையின் பங்கு

ஒரே நுகத்தில் கூடவே நடந்த மயிலைக்காளை செத்துப்போன பிறகு, செவலைக்காளை யாரிடமும் பேசவில்லை. போட்ட வைக்கோலில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியை வலப்பக்கம் ஒதுக்கிவிடும். அந்தப் பக்கம்தான் மயிலை நிற்கும்.

பக்கத்துக் கொட்டில் வெள்ளாடு தினமும் வந்து அங்கே படுத்துக்கொள்ளும். ஒன்றும் கேட்காது.

ஒருநாள் செவலையே வாயைத் திறந்தது. "எதைப் பார்த்தாலும் மேயுற வாயாச்சே உனக்கு. இந்த வைக்கோலை மட்டும் ஏன் தொடலை?"

"அது உன் கூட்டாளியோட பங்கு. நான் உனக்காகத்தான் வந்தேன்."

செவலை வைக்கோலை மூக்கால் ஆட்டின் பக்கம் மெல்லத் தள்ளியது. "தின்னு."

ஆடு ஒரு வாய் மென்றது. "சே, உப்புச்சப்பே இல்லை!"

"மயிலையும் தினம் இதையேதான் சொல்வான்," என்றது செவலை.

அவன் போன பிறகு, அந்தப் பெயரை அது சொன்னது அன்றுதான்.