கண்களுக்கு நடுவே ஒரு பொட்டு

2058 ஜூன் 10, திங்கட்கிழமை முற்பகல், பாளையங்கோட்டை மழலையர் பார்வைச் சோதனை மையத்தில், செண்பகவல்லி தன் மூன்று வயது மகள் உலகம்மையை மடியில் இருத்தி, குழந்தையின் பார்வை எங்கே பதிகிறது என்று அளக்கும் கருவியின் முன் அமர்ந்திருந்தாள். தாயின் கண்களைப் பார்க்காத ஆட்டிசக் குழந்தைகளைப் பயிற்சி விடுதிக்கு ஓராண்டு அனுப்பிவிட வேண்டும் என்பது சட்டம். உலகம்மை கண்களைப் பார்ப்பதில்லை. நெற்றிப் பொட்டை மட்டுமே பார்ப்பாள். ஆகவே செண்பகவல்லி, மினுங்கும் பொட்டு ஒன்றை இரு கண்களுக்கும் நடுவே தாழ்த்தி ஒட்டியிருந்தாள். கருவி ஏமாந்து, பச்சை விளக்கை எரித்தது.

அதிகாரி எழுந்து அருகில் வந்தார்.

"ஏம்மா, மூக்குக் கண்ணாடி உக்காருத எடத்துல யாரு பொட்டு வைப்பா?"

"எங்க வீட்டு வழக்கம், மேடம்."

"எங்க வீட்லயும் பொட்டு உண்டும்மா. அத எடுங்க, இன்னொரு தடவ பாப்போம்."

செண்பகவல்லி பொட்டை விரல் நுனியில் ஒட்டி எடுத்தாள். உலகம்மையின் பார்வை முகத்தை விட்டு அந்த விரலோடு இறங்கியது.

"இங்க பாரு தாயி, அம்மா கண்ணப் பாரு" என்று அவள் கெஞ்சினாள். உலகம்மை விரலைப் பார்த்துச் சிரித்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

முடிவு அன்றே அறிவிக்கப்பட்டது. உலகம்மை மறுநாள் விடுதியில் சேர்க்கப்படுவாள். தாய் மாதம் ஒருமுறை வந்து பார்க்கலாம். பொட்டு வைத்துக்கொண்டு வருதல் கூடாது.