தீவுப் பாடம்

"ஏளா பெர்சி, அங்கனயே நில்லு! வீடு முழுக்க மணலாக்கிட்டு... நீ டீச்சரா, இல்ல நண்டா?"

பெர்சியின் அண்ணி கிரேசியின் குரல் நான்கு வீடு தாண்டிக் கேட்டது. கேட்காத வீட்டுக்காரர்களும் ஏற்கெனவே கூட்டிய வாசலை மறுபடி கூட்ட வெளியே வந்துவிட்டார்கள்.

"காலக் கழுவிட்டுத்தான மைனி வருவேன். அதுக்கு எதுக்கு ஊரக் கூட்டுதீய?"

"ஊரு தானாக் கூடுது! சனிக்கிழமை ஆச்சுன்னா பஸ் ஏறி வேம்பார் கடற்கரைக்குப் போயி ஒரு ஆம்பளகூட மணலத் தோண்டிட்டு வார. பேசாம இருப்பாங்களா?"

"பாஸ்கல் அண்ணாச்சி பொஞ்சாதியும் கூடத்தான் இருக்காவ."

அந்த அம்மாள் இருக்கும் விஷயம் தெருவுக்கும் தெரியும். சொன்னால் சுவை குறையும் என்று யாரும் சொல்வதில்லை.

பெர்சியின் கணவர் டிக்சன் துறைமுகத்தில் கிளார்க். ஞாயிறு ஆனால் கோயிலுக்கு வராமல் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு நாளாவது மீனோடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. ஏழு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் மட்டுமல்ல, அவரும் திரும்பவில்லை. வாடகைக்கு எடுத்துப்போன ஃபைபர் படகு ஆளில்லாத தீவு ஒன்றின் பக்கம் கவிழ்ந்து மிதந்தது. உடல் கிடைக்கவில்லை.

"ஏழு வருசம் ஆச்சுன்னா கோர்ட்டே செத்ததா ஒத்துக்கிடும். நீ ஒரு நினைவு ஜெபம் வைக்க விட மாட்டேங்க. உன்னக் கட்டிக்கிட நாசரேத்து நேசக்குமார் சாரும் எத்தன நாளைக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பாரு? பொண்டாட்டிய இழந்த மனுசன், தங்கமான குணம்."

"அவரு ஏதோ ஒரு தீவுல இருக்காரு மைனி. வந்துருவாரு."

"யாரு, டிக்சனா? சோத்துல உப்பு பத்தலன்னா, டப்பா கைக்கு எட்டுத தூரத்துல இருந்தாலும் அடுக்களைல இருக்க உன்னக் கூப்பிடுத மனுசன்! அவரு தீவுல தனியாப் பொங்கித் தின்னுட்டு இருக்காராக்கும்?"

"தெரியாதவங்க கத்துக்கிட முடியாதா? ஈர விறகுல தீ மூட்ட நானே கத்துக்கிட்டேன். அவரு என்னவிடக் கெட்டிக்காரரு."

வாசல் கூட்டியவர்கள் விளக்குமாற்றால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

பாஸ்கல் ஒரு காலத்தில் சங்கு குளித்தவர். காற்று மாறி, தீவுகளில் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டு பிழைத்தவர். "ஆளில்லாத தீவுல ஒருத்தர் எப்படி உயிரோட இருப்பாங்கன்னு கத்துக்கணும்" என்று பெர்சி போய் நின்றபோது, ஏன் என்று அவர் கேட்கவில்லை. எங்கள் தெருவில் பிறந்திருந்தால் கேட்டிருப்பார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் முகம் மலர்ந்துதான் திரும்பினாள். ஓலையில் மழைநீர் பிடிக்கப் படித்து வந்த வாரம், நல்ல மழை ஒன்று பெய்தது. தெருவே உள்ளே ஓட, அவள் மட்டும் வாசலில் நனைந்துகொண்டு நின்றாள்.

"அங்கயும் பெய்யும்லா மைனி?"

கிரேசி அவளை உள்ளே இழுத்துவந்து தலையைத் துவட்டிவிட்டாள்.

கடைசி சனிக்கிழமை, வேம்பார் மணல்மேட்டுக்குப் பின்னால் பெர்சி குழி தோண்டிக்கொண்டிருந்தாள்.

"போதும் டீச்சர், ஆழமாத் தோண்டாதீய. மழத்தண்ணி மேலாலதான் நிக்கும். அதத் தாண்டுனா உப்புதான் வரும்" என்றார் பாஸ்கல்.

அவள் சிரட்டையில் அள்ளிக் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதக் குடிச்சிட்டு ஒரு மனுசன் எத்தன வருசம் வேணும்னாலும் இருக்கலாமா அண்ணாச்சி?"

"மழ பெஞ்சா இருக்கலாம். இனி உங்களுக்குச் சொல்லித்தர எங்கிட்ட ஒண்ணுமில்ல."

அப்போதுதான் பெர்சி தன் போனைத் துடைத்து, டிக்சனின் படத்தை முதன்முறையாக அவரிடம் காட்டினாள்.

அன்று சாயங்காலம் சொல்லாமலேயே வெளிக்குழாயில் கால் கழுவிவிட்டு வீட்டுக்குள் வந்தாள்.

"நினைவு ஜெபத்துக்குப் பாஸ்டர் ஐயாகிட்டச் சொல்லிருங்க மைனி. அவரு இனி வர மாட்டாரு. தெரிஞ்சிட்டு."

கிரேசி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஜெபத்தில் தெருவே அழுதது. பெர்சி மட்டும் அழவில்லை, அதையும் குறித்துக்கொண்டோம். கோர்ட் காரியம் முடிந்து, அடுத்த மே மாதம் நேசக்குமாரைக் கட்டிக்கொண்டு கடல் கண்ணில் படாத நாசரேத்துக்குப் போய்விட்டாள்.

நன்றி சொல்ல ஒரு பெட்டி மக்ரூனோடு கிரேசி வேம்பாருக்குப் போனாள்.

"நீங்க நல்லா இருக்கணும் அண்ணாச்சி. தீவுல யாரும் பிழைக்க முடியாதுன்னு எங்க பிள்ளைக்கு எப்படியோ புரிய வச்சிட்டீய."

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? பிழைக்கலாம்னுதான சொன்னேன்" என்று பாஸ்கல் விழித்தார். "போட்டோவக் காட்டுனாவ. 'இவரா? உங்களுக்கு முன்னாலயே எங்கிட்டப் படிச்சவர்லா'ன்னு சொன்னேன். நான் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகுததுக்கு முன்ன, ஞாயித்துக்கிழம தவறாம வருவாரு. தீவுப் பாடமெல்லாம் அவருக்கு வேண்டாம். படகக் கவுத்துப் போட்டுட்டு, யாரு கண்ணுலயும் படாம இந்தப் பக்கத்துக் கரைல நீந்தி ஏறுதது எப்படின்னுதான் திரும்பத் திரும்பக் கேட்டுப் படிச்சாரு."