பால்பிடித்த கதிர்

பின்னேர வெயில் வில்கமுவ ஊரின் அரசர் காலத்துக் குளக்கட்டில் சாய்கிறது. முழங்கால் நீரில் யானைக்குட்டி அசையாமல் நிற்கிறது. வயலை அழிக்கும் காட்டுப்பன்றிக்கென்று பூசணிக்காய்க்குள் விவசாயி கலந்தர் வைத்த வெடியைக் கடித்ததில் அதன் தாடை உடைந்து தொங்குகிறது. தாய் யானை புல்லைப் பிடுங்கி, நீரில் அலசி, குட்டியின் வாய்க்குள் வைக்கிறது. புல் நழுவி மிதந்து போகிறது. மறுபடியும் பிடுங்குகிறது. "இன்னொரு ஊசி போட்டா சொகமாகாதா, டொக்டர்?" கரையில் நின்று கலந்தர் கேட்கிறான். மிருக வைத்தியர் ரொஷானி மருந்துப் பெட்டியை மூடுகிறாள். "நோவுக்குப் போட்டாச்சு. தாடை ஒட்டாதுங்க, கலந்தர் நானா. பட்டினியிலதான் போகும்." கலந்தர் தன் வயலில் இறங்குகிறான். பன்றிக்குக் கொடுக்க மனம் வராத பால்பிடித்த கதிர்களை அரிந்து, கை நிறையக் கொண்டுவந்து நீரோரம் போடுகிறான். "அது திங்காதுங்க," என்கிறாள் ரொஷானி. "தெரியும்," என்று சொல்லிவிட்டு, அடுத்த பிடியை அரியப் போகிறான்.